கோடியக்கரைச் சதுப்பில் ஒரு நாள்: பறவை பார்க்கச் செல்வோருக்கு

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாகவும் 2002 முதல் ராம்சார் தலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும்) விளங்குகிறது. வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள் பொங்கலுக்குப் பிறகு செல்வதே நல்லது. வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பிக் கிடக்கும்போது உள்ளான்கள் எனப்படும் குட்டைக்கால் கரைப்பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. தையிலும் மாசியிலும் நீர் வடிந்து சேறு வெளிப்பட்ட பிறகுதான் அவை இரை தேடிக் கூட்டமாக இறங்கும்.

எந்தப் பகுதிக்கு அனுமதி உண்டு, வாயில் எப்போது திறக்கும் என்பதை முதல் நாளே வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சதுப்பில் நிழல் கிடையாது. தொப்பியும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ.) போதுமானது. ஆனால் பூநாரைகள் பெரும்பாலும் தொலைவிலேயே நிற்பதால், அவை தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அலசி இரையை வடிகட்டுவதைக் காண, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

காலையில் வெயில் முதுகில் படும்படி மேற்கு நோக்கி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். புதியவர்களைத் திணறடிப்பவை சிறிய கரைப்பறவைகளே. குளிர்காலத்தில் எல்லாம் ஒன்றுபோலச் சாம்பலும் பழுப்புமாக இருப்பதால், இறகை விட்டுவிட்டுக் கால்களையும் அலகையும் இரை தேடும் விதத்தையும் கவனியுங்கள். கொசு உள்ளானின் கால்கள் கறுப்பு. அது குனிந்தபடியே விறுவிறுவென்று கொத்திக்கொண்டு போகும். சற்றே பெரிய வளைமூக்கு உள்ளான், முனை வளைந்த நீண்ட அலகைச் சேற்றில் திரும்பத் திரும்பச் செருகும். கொஞ்சம் ஓடி, சட்டென நின்று, பார்த்துக் கொத்துவது உப்புக்கொத்தி. பவளக்காலிக்குப் பெயரே அடையாளம்.

பறவைகள் கொத்துவதை நிறுத்தித் தலையை உயர்த்தினாலே நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். சைபீரியா வரை திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை அவை இங்கேதான் சேர்க்கின்றன. படத்துக்காக ஒரு கூட்டத்தை எழுப்புவது அந்தச் சேமிப்பிலிருந்து பறிப்பதாகும், அதை எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

வெயில் ஏறியதும் புல்வெளிப் பக்கம் போனால் வெளிமான்களைக் காணலாம். அன்றைய பட்டியலை அன்றே, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றிவிடுங்கள். இனம் உறுதிப்படாததை ஊகித்து எழுதாமல், 'உள்ளான் வகை' என்று மட்டும் குறித்தால் போதும்.