நிழலும் களையும் நிறைந்த பெரிய புல்தரையைக் குறைந்த செலவில் தேற்றுவது எப்படி?

வீட்டைச் சுற்றி நிறைய இடம், பெரிய பெரிய மரங்கள், அவற்றின் அடியில் பாதி களையும் பாதி வெறும் மண்ணுமாக ஒரு புல்தரை. இப்படி ஓர் இடம் உங்களிடம் இருந்தால், ஒரு பை விதை வாங்கித் தூவலாமா, களைக்கொல்லி அடிக்கலாமா என்றுதான் முதலில் தோன்றும். இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

புல் அடர்ந்து நிற்கும் இடத்தில் களைக்கு இடம் குறைவு. புல் நலிந்த இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. புல் ஏன் நலிந்தது என்று பார்க்காமல் களையை மட்டும் எடுத்தால், அடுத்த மழைக்கு அங்கே வேறொரு களை நிற்கும். வெப்பப் பகுதிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது வெயில் குறைவையும், இறுகிய மண்ணையும், புல்லை ஒட்ட வெட்டும் பழக்கத்தையும்தான். இவற்றைச் சரிசெய்யப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. வேலையைக் கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால்தான் காசு வீணாகிறது.

1. வெயிலை அளந்து பாருங்கள்

இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். புல் நன்றாக வளரும் பருவத்தில், மேகம் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று புல்தரையைப் படம் எடுங்கள். மாடி இருந்தால் அங்கிருந்து எடுப்பது நல்லது. மாலையில் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதிக்கு ஏறக்குறைய எத்தனை மணி நேர வெயில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதைத் தாளில் வரைந்து மூன்றாகப் பிரியுங்கள்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழும் இடத்தில் வெப்பப் பகுதிப் புற்கள் எல்லாமே வரும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம், அல்லது நாள் முழுக்க இலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும் இடம் என்றால், நிழல் தாங்கும் புல் மட்டும் வரும். அதற்கும் கீழே போனால் புல் வேண்டாம். அந்த இடத்துக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அருகம்புல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த வறட்சியிலும் பிழைத்துக்கொள்ளும் புல் என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. வெளிநாட்டு விதைப் பைகளில் பெர்முடா என்ற பெயரில் வருவதும் இதே இனம்தான். ஆனால் அது முழு வெயிலின் பிள்ளை. நிழலில் தண்டு மெலிந்து நீண்டு, இலை குறைந்து, ஒரே பருவத்தில் அங்கங்கே சொட்டையாகிவிடும். மரத்தடியில் அருகு விதையைத் திரும்பத் திரும்பத் தூவுவதைப்போல வீண் செலவு வேறில்லை.

2. மேலே இருந்து வெளிச்சம் இறங்கட்டும்

வரைபடத்தில் நிழல் அதிகம் என்று தெரிந்தால், மரத்தை வெட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கீழ்வரிசைக் கிளைகளைக் கவாத்து செய்து உயர்த்தினாலே காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் உள்ளே வரும். ஒரே ஆண்டில், உயிருள்ள இலைப்பகுதியில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தடித்த கிளைகள், மின்கம்பிக்கு அருகில் இருப்பவை, ஏணி வைத்து ஏறவேண்டியவை என்றால் அனுபவமுள்ளவரை அழையுங்கள். இந்த வேலையில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. மண்ணைத் திறந்துவிடுங்கள்

மழை பெய்த மறுநாள் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். கைப்பிடி வரை சுலபமாக இறங்கினால் மண் நன்றாக இருக்கிறது. பாதியிலேயே நின்றால் இறுகிவிட்டது என்று அர்த்தம். நடைபாதையாகப் பயன்படும் இடங்களில் இது கட்டாயம் இருக்கும்.

பெரிய இடமாக இருந்தாலும் முழுவதையும் கொத்த வேண்டியதில்லை. மரத்தடியில் கொத்தவே கூடாது. உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கும். அவற்றை வெட்டினால் மரம் வாடும். ஈரமாக இருக்கும்போது கடப்பாரையாலோ கூர்மையான இரும்புக் கம்பியாலோ ஒரு சாண் இடைவெளியில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக்கொண்டே போங்கள். வேர் தட்டுப்பட்டால் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள். அப்புறம் சலித்த மட்கிய உரத்தை ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். 100 சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர் உரம் பிடிக்கும். அது அதிகம் என்று தோன்றினால், இறுகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். உதிரும் இலைகளைக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவித்து ஈரமாக வைத்திருந்தால், வருங்காலத் தேவைக்கு உரம் அங்கேயே தயாராகும்.

மேடுபள்ளத்தைச் சமன்படுத்த மரத்தடியில் லாரி மண்ணைக் கொட்டும் பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வேருக்குக் காற்று போகாது. அதனால் வரும் கேடு பல ஆண்டுகள் கழித்துத்தான் மரத்தில் தெரியும்.

4. புல்வெட்டியை உயர்த்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை.

புல்லுக்கு உணவு தயாரிக்கும் இடம் இலை. நிழலில் வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. அங்கே இலையையும் ஒட்ட வெட்டினால் வேருக்கு என்ன மிஞ்சும்? நிழல் தாங்கும் அகல இலைப் புற்களை 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒரு தடவைக்கு மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. உயரமான புல் தரைக்கு நிழல் தருவதால், வெளிச்சம் தேடி முளைக்கும் பல களை விதைகள் உறங்கியே கிடக்கும்.

பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு இலையைக் கிழிக்கும், நுனி காய்ந்து பழுப்பாகும். வெட்டிய துண்டுகளை அங்கேயே விட்டுவிடலாம். புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜனில்) கால் பங்கு வரை அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். களைகள் விதை கட்டியிருக்கும் சமயத்தில் மட்டும் துண்டுகளை அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

5. களையோடு மல்லுக்கட்டும் முறை

பெரிய இடத்தில் எல்லாக் களையையும் பிடுங்கிவிட நினைத்தால் ஒரு வாரத்தில் மனம் சோர்ந்துவிடும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிப்பதில்தான் வெற்றி இருக்கிறது.

விதை போட்டு ஓராண்டில் முடிந்துபோகும் செடிகள் ஒரு வகை. அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் மாதிரி. இவற்றைப் பூ விதையாகும் முன் பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வேர் கொஞ்சம் தங்கினாலும் பரவாயில்லை. பார்த்தீனியத்துக்குக் கையுறை போட்டு, முழுச்சட்டை அணிந்துகொள்ளுங்கள். அது தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரும்.

கோரை வேறு கதை. பார்க்கப் புல் மாதிரியே இருக்கும், தண்டை விரலில் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்த கிழங்கு முளைக்கும். அதனால் ஒருமுறை பிடுங்கிவிட்டுக் கைவிட்டால் பயனே இல்லை. ஐந்தாறு இலை விடுவதற்குள் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டே இருந்தால், புதுக் கிழங்கு கட்ட வழியில்லாமல் சேமிப்பு கரைந்து நலிவடையும். நமக்குச் சாதகமான ஒரு விஷயம், கோரைக்கு நிழல் பிடிக்காது. புல்லை உயரமாக வளர்த்தால் பாதிப் போரில் புல்லே நமக்காக நிற்கும். கோரை கூட்டமாக நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள்.

பாசி படிந்திருந்தால் சுரண்டி எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஈரம், இறுக்கம், இருட்டு மூன்றும் சேர்ந்த இடம் என்று அது சொல்கிறது.

முழுக்கக் களையாகவே இருக்கும் திட்டுக்கு அட்டைப்பெட்டி போதும். டேப்பையும் பளபளப்புத் தாளையும் உரித்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே 8 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைச்சருகோ மரத்தூளோ போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் இருப்பது பெரும்பாலும் மட்கிவிடும். கோரை மட்டும் அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும், அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி போன்ற பாலித்தீன் விரித்து வெயில் சூட்டில் களையைக் கொல்லும் முறை நிழலில் வேலை செய்யாது. அதற்கு முழு வெயில் வேண்டும்.

உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். களை போகும், கூடவே மண்ணும் கெடும். வினிகர் பெரும்பாலும் இலையைத்தான் கருக்கும், கிழங்கு தப்பித்துவிடும். களைக்கொல்லி அடித்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் புல்லின் பெயர் டப்பா லேபிளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைகாம்பா போன்ற சில மருந்துகளை மர வேர்களும் உறிஞ்சிக்கொள்ளும். உரமும் களைக்கொல்லியும் கலந்து விற்கும் பொட்டலங்களை மரத்தடியில் போடாமல் இருப்பதே நல்லது.

6. கொஞ்சம் புல் வாங்கி நிறையப் பெருக்குங்கள்

வெப்பப் பகுதிப் புற்களில் நிழலை மிக நன்றாகத் தாங்குபவற்றில் செயின்ட் அகஸ்டின் புல் முன்னால் நிற்கிறது. அகல இலை, தரையோடு ஓடும் தடித்த தண்டு. ஈரமும் கொஞ்சம் அமிலத்தன்மையும் உள்ள மண்ணுக்கு அகல இலைக் கார்பெட் புல் ஏற்றது. சொய்சியா ஓரளவு நிழலைத் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் பரவும்.

செயின்ட் அகஸ்டினை விதையாக வாங்க முடிவது அரிது. வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த பச்சைப் புல்தட்டாகவோ தண்டாகவோதான் கிடைக்கும். முழு இடத்துக்கும் தட்டு வாங்கி விரித்தால் செலவு எகிறும். ஒரு சதுர மீட்டர் தட்டை 7.5 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 169 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறக்குறைய 15 சதுர மீட்டருக்கு வரும். அதாவது, செலவு பதினைந்தில் ஒரு பங்கு. பதிலுக்கு, இடைவெளி மூட ஒரு முழு வளர்ச்சிப் பருவமாவது காத்திருக்க வேண்டும். நிழலில் இன்னும் கூடுதலாகும்.

இதைவிடவும் சிக்கனமாகச் செய்ய, ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் மூலையில் சின்ன நாற்றங்கால் போடுங்கள். வாங்கிய புல்லை முதலில் அங்கே நன்றாக வளரவிட்டு, ஓடும் தண்டுகளை மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டி எடுத்து நடலாம். வெயிலில் தேறிய தண்டுக்குச் சேமிப்பு அதிகம், நிழலில் கொண்டுபோய் வைத்தாலும் சீக்கிரம் வேர்பிடிக்கும்.

நடுவதற்கு வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கம்தான் சரியான நேரம். ஒன்றிரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்க, இலை மேலே தெரிய நட்டு, காலால் மிதித்து அழுத்துங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் லேசாக நனையுங்கள். இழுத்துப் பார்க்கும்போது எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது, தண்ணீர் விடும் இடைவெளியை நீட்டலாம். நட்ட இடத்தில் நடக்காதபடி கயிறு கட்டிவையுங்கள்.

முழு இடத்தையும் ஒரே பருவத்தில் முடிக்க நினைக்காதீர்கள். வீட்டு வாசலில் இருந்து கண்ணில் படும் பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியே விரிவாக்குங்கள்.

7. தண்ணீரும் உரமும்

வேர் பிடித்த பிறகு, மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் போதும். ஒன்றிரண்டு தடவையில் ஆழமாகப் பாயட்டும். தட்டையான டப்பாக்களை அங்கங்கே வைத்தால் அளவு தெரியும். அதிகாலையில் விடுங்கள். நிழலில் இலை சீக்கிரம் காயாது, இரவெல்லாம் ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் வரும். நிழலில் மண் ஈரமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். மர வேர்கள் பாதியைக் குடித்திருக்கும், விரலை விட்டுப் பாருங்கள்.

உரம், வெயில் பகுதிக்குப் போடுவதில் பாதி. அதிகம் போட்டால் பசுமையாகத் தெரியும், ஆனால் தண்டு மெலிந்து நோய்க்கு இரையாகும்.

8. புல் வராத இடம்

வரைபடத்தில் இருண்ட பகுதி என்று குறித்தீர்களே, அங்கே புல்லுக்காகச் செலவழிக்கவே வேண்டாம். மரத்தைச் சுற்றி வட்டமாக எல்லை போட்டு, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு கை அகலம் காலியாக இருக்கட்டும், மூடாக்கு பட்டையில் படிந்தால் அழுகும். மரத்துக்கும் இதுதான் பிடிக்கும். பச்சை வேண்டும் என்றால் மாண்டோ புல் (பெயரில் மட்டும்தான் புல்), பெரணிகள் என நிழலில் வாழ்பவற்றை இடையிடையே நடலாம். வெடேலியா என்ற படர்செடி வேண்டாம். வேகமாக மூடும் என்று ஆசைகாட்டும், பிறகு தோட்டம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

மூடாக்கு மட்கி இறங்கும்போது அவ்வப்போது சருகு சேருங்கள். நடக்கும் வழியில் தட்டைக் கல் பதித்தால் மற்ற இடத்து மண் இறுகாது. பக்கத்துப் புல்லின் தண்டுகள் மூடாக்குக்குள் ஓடிவரும். மாதம் ஒருமுறை எல்லைக்கோட்டில் மண்வெட்டியால் வெட்டி, வேரோடு எடுத்து, இன்னும் சொட்டையாக இருக்கும் இடத்தில் நட்டுவிடுங்கள்.