உயிலும் சேமநிதி நியமனமும்: பினாங்கில் நான் ஒழுங்குபடுத்திய விதம்

அப்பா உயில் எழுதாமல் காலமானதால், பட்டர்வொர்த் வீட்டுப் பட்டாவைப் பெயர் மாற்ற, இறந்தவரின் சொத்தைக் கையாள அனுமதிக்கும் நிர்வாக அதிகாரப் பத்திரம், வாரிசுகள் அனைவரின் ஒப்புதல் என்று குடும்பமே நீண்ட காலம் அலைய வேண்டியிருந்தது. அந்தச் சுமை என் மனைவி மக்கள்மீது விழக்கூடாது என்று உறுதிகொண்டேன்.

உயில் இல்லாவிட்டால், தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய அனைவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. நியாயமான பங்கீடுதான், ஆயினும் குடியிருக்கும் ஒரே வீட்டை அப்படிக் கூறுபோட முடியாது என்பதால், வீடு மனைவிக்கு என்றும், அம்மாவின் மருத்துவச் செலவுக்குத் தனித்தொகை என்றும் வழக்கறிஞரிடம் எழுதச் சொன்னேன்.

சாட்சியாகத் தம்பி முன்வந்தான். சாட்சிக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது என்று 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் சொல்வதால், தம்பிக்கும் பங்கு எழுதியிருந்த நான் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பங்கு எதுவும் பெறாத அலுவலக நண்பர்கள் இருவரை அழைத்தேன். அவர்கள் பார்த்திருக்க நான் கையெழுத்திட்டேன். பிறகு என் கண்ணெதிரே, அதே பேனாவால், அவர்களும் கையெழுத்திட்டார்கள்.

இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணம், இறந்தபின் யாருக்குச் சேர வேண்டும் என்று அதில் பதிந்துவைக்கும் நியமனப்படியே செல்லும், உயில்படி அன்று. ஆகவே அதில் மனைவியின் பெயரைத் தனியே பதிந்தேன். நீதிமன்றம் அசல் உயிலைத்தான் கேட்கும் என்பதால், அது இருக்கும் இடத்தை மனைவிக்கும் உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரான மைத்துனருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.