அரிய நன்னீர் மீனின் பரவல் மாற்றத்தை வரைபடமாக்குவது எப்படி?

தேவையானவை: ஒரு விரிதாள், இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள்.

படி 1: பழைய பெயர்களைத் திரட்டுங்கள். எடுத்துக்காட்டாக, இன்று சஹ்யாத்ரியா டெனிசோனி எனப்படும் மீன் 1865-இல் லேபியோ பேரினத்தில் விவரிக்கப்பட்டது. பிறகு புன்டியஸ் ஆனது. 2013-இல்தான் இப்போதைய பேரினம் வந்தது. புதுப் பெயரை மட்டும் தேடினால், அருங்காட்சியகங்களின் பழைய பதிவேடுகள் அகப்படாது.

படி 2: ஒரு பதிவுக்கு ஒரு வரி. தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, இடப்பிழை (குறித்த இடம் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கலாம் என்பது), பிடித்த முறை, தேடிய நேரம், சான்று ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை வேண்டும். பலரும் விட்டுவிடுவது இடப்பிழையைத்தான். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம். ஊர்ப் பெயரை வைத்து ஊகித்த புள்ளிக்கு அந்தத் துல்லியம் கிடையாது. 5,000 மீட்டர் பிழை என்றால் அப்படியே எழுதுங்கள்.

படி 3: புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். கடலில் விழுந்த புள்ளியில் பெரும்பாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும்.

படி 4: 2 கி.மீ × 2 கி.மீ கட்டங்கள் போடுங்கள். உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் கணிக்கும் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியல் மதிப்பீட்டிலும் இதே அளவுதான். கட்டம் போடுமுன் வரைபடத்தை யூடிஎம் (UTM) போன்ற, மீட்டரில் அளக்கும் ஆயமுறைக்கு மாற்றியாக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையில் இடம் குறிக்கும் டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) முறையில் அலகு பாகை. அதில் 2000 என்று கொடுத்தால் 2000 பாகை என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இடப்பிழை 2 கி.மீ-ஐத் தாண்டும் பதிவுகளை இதில் சேர்க்காமல், ஆற்றுப்படுகை அளவிலான தனி வரைபடத்தில் வையுங்கள்.

படி 5: கிடைக்காத நாளையும் எழுதுங்கள். மொத்த வேலைக்கும் உயிர்நாடி இதுதான். மீன் இருக்கும் இடத்தில் ஒரு தடவை தேடினால் அகப்படும் வாய்ப்பு 30% என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை தேடியும் தவறவிடும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது 34%. அது 5%-க்குக் கீழே இறங்க ஒன்பது தடவை போக வேண்டும். ஒரே தடவை பார்த்துவிட்டு "அழிந்துவிட்டது" என்று எழுதுவது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம்: இல்லாத இடத்தைக் காக்க யார் வருவார்கள்?

படி 6: இரு காலங்களை ஒப்பிடும்போது, இரண்டிலும் தேடப்பட்ட கட்டங்களை மட்டும் எடுங்கள். வலையும் பருவமும் நேரமும் ஒத்திருக்கட்டும். இல்லையென்றால், தேடியவர்கள் பெருகியதை மீன் பெருகியதாக வரைபடம் காட்டும்.

படி 7: வெளியிடும்போது கட்டங்களை மட்டும் காட்டுங்கள். அலங்கார மீன் பிடிப்பவர்களுக்குத் துல்லியமான புள்ளியே வழிகாட்டியாகிவிடும். மூலக் கோப்பு ஆய்வாளர்களிடமே இருக்கட்டும்.