ஒன்பதாவது வளைவில் கொதித்த ஜீப்

எங்கள் காபித் தோட்டத்து ஜீப்பில் இருந்தது 2112 சிசி டீசல் இஞ்சின். தேய்ந்து போய், மூட்டை ஏற்றினால் புகைதான் வரும். அதைக் கழற்றிவிட்டு 2523 சிசி டிஐ (டீசலை நேரடியாகப் பீய்ச்சும்) இஞ்சினை ஏற்றினோம். மவுண்டிங், கிளட்ச், சைலன்சர் எல்லாம் பட்டறையிலேயே முடிந்தது.

ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதிலேயே இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். "ரேடியேட்டரைப் பெருசா மாத்திடலாம்ணே" என்றார் மெக்கானிக். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைச் சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பார்த்தாயிற்று.

ஒருநாள் இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தேன். நடுவில் ஒட்டியது, ஓரங்களில் தொங்கியது. அங்கேதான் விஷயம். புது இஞ்சினின் ஃபேன் ரேடியேட்டரிலிருந்து நாலு விரக்கடை தள்ளி நின்றது. காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது.

சேலத்தில் தகரத்துக்கா பஞ்சம்? ரேடியேட்டர் அளவுக்கு ஒரு கூடு அடித்து, ஃபேன் இறக்கை பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி பொருத்தினோம். சுற்றிலும் ஓர் அங்குலம் இடைவெளி. இஞ்சின் குலுங்கும், அதைவிடக் குறைத்தால் இறக்கை உரசும்.

அப்புறம் எட்டு மூட்டையோடு ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

இன்னொன்று: இஞ்சின் எண் மாறினால் ஆர்சியிலும் (வண்டியின் பதிவுச் சான்று) மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. அனுமதியை முதலில் வாங்குங்கள். நான் இஞ்சினை ஏற்றிய பிறகு அலைந்தேன்.