‘காவிாி’யைக் ‘காவிரி’ ஆக்குவது: எழுத்துரு மாற்றி கிளாஸ்களைச் சீரமைக்கும் வழி

கும்பகோணத்தில் ஒரு அச்சகம். இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகை, குடமுழுக்கு மலர், விவசாய சங்க நோட்டீஸ் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர நான் எப்போதோ பைத்தானில் எழுதிய லைப்ரரியைத் திறந்து பார்த்தால் ஏழு கிளாஸ். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்ற யூனிகோடுக்கு முந்தைய நான்கு தமிழ்க் குறியாக்கங்களிலிருந்தும் யூனிகோடுக்குப் போக ஆளுக்கொன்று, திரும்பி வர மூன்று. ஒன்றை எழுதிவிட்டு மற்றதை எல்லாம் காப்பி அடித்திருக்கிறேன். ஒன்றில் திருத்திய பிழை மற்ற ஆறில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

உங்களிடமும் இப்படி ஒரு லைப்ரரி இருந்தால், கோடில் கை வைப்பதற்கு முன்னால் டெஸ்ட் எழுதுங்கள். ‘சரியான விடை என்ன’ என்று யோசித்து எழுதுகிற டெஸ்ட் இல்லை. நிஜக் கோப்புகளிலிருந்து ஐம்பது அறுபது வரி எடுத்து, பழைய கிளாஸ் இப்போது என்ன தருகிறதோ அதை, தப்பாக இருந்தாலும், அப்படியே பதிந்து வையுங்கள். சீரமைப்பு முடியும்வரை அந்த விடை மாறக்கூடாது, பிழை திருத்தம் தனி கமிட்டில் (தனியாகப் பதிந்து வைக்கும் மாற்றத்தில்) அப்புறம். இரண்டையும் கலந்தால் எது எதை உடைத்தது என்று ராத்திரி முழுக்கத் தேடவேண்டியதுதான், நான் தேடியிருக்கிறேன்.

அடுத்தது அட்டவணை. பழைய கிளாஸ் ஒவ்வொன்றிலும் இருநூறு வரிக்கு ரீப்ளேஸ், ரீப்ளேஸ் என்று போகும். கிளாஸுக்குக் கிளாஸ் நிஜமாக வேறுபடுவது எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்பது மட்டும்தான். அதைக் கிளாஸிலிருந்து பிடுங்கி, குறியாக்கத்துக்கு ஒரு கோப்பாக வெளியே வையுங்கள். மாற்றுகிற வேலையை ஒரே ஒரு ஃபங்ஷன் பார்க்கட்டும். டிஸ்கியிலிருந்து டாபுக்குப் போகவேண்டுமா, யூனிகோடு வழியாகவே போங்கள், நேர்வழி வேண்டாம்.

அந்த ஃபங்ஷனில்தான் விஷயமே இருக்கிறது. பாமினியில் கால் எழுத்துக்கு எச் (h) விசை, இகர விலங்குக்கு (ி) பி (p). ஆனால் பலர் ‘ரி’ அடிக்கும்போது ரகரத்துக்கு உரிய யு (u) விசையை விட்டுவிட்டு எச், பி என்றே அடித்திருப்பார்கள், அச்சில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ரீப்ளேஸ் வரிசையில் கால் முதலில் வந்தால் ‘காவிரி’ என்பது ‘காவிாி’ ஆகிவிடும். அந்தக் கோலத்தில் எத்தனை காவிரிகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள்! தீர்வு, நீளமான சேர்க்கையை முதலில் பார்ப்பது, அதையும் ஒரே நடையில். அட்டவணையின் சாவிகளை நீளப்படி இறங்குவரிசையில் அடுக்கி ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (தேடல் வடிவமாக) கோத்துவிடுங்கள். அடுக்காமல் கோத்தால் பயனில்லை, பைத்தானின் ரீ மாட்யூல் நீளமானதைத் தேடிப் போகாது, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். டிரான்ஸ்லேட் மெத்தடும் இங்கே உதவாது, அதன் சாவி ஒற்றை எழுத்தாகத்தான் இருக்கவேண்டும்.

சரி, நீளமானதே ஜெயிக்கும் என்று விட்டால் அடுத்த வம்பு வரும். ‘வெளி’யை பாமினியில் என், டி, எஸ், பி (n, t, s, p) என்று அடிப்பார்கள். என் ஒற்றைக் கொம்பு, டி வகரம், எஸ் ளகரம். ஆனால் ஔகாரத்தின் பின்பாதிக்கும் அதே எஸ்தான். ஆகவே என்-டி-எஸ் மூன்றையும் சேர்த்து ‘வௌ’ என்று பிடித்து, மிச்ச இகர விலங்கை ஒட்டி ‘வௌி’ என்று துப்பும். சங்க நோட்டீஸில் வெள்ளாமை ‘வௌ்ளாமை’ ஆனது, வெள்ளமும் அப்படியே. டெல்டாவில் இந்த இரண்டு சொல்லும் இல்லாத நோட்டீஸ் ஏது? அதனால் ஔகாரத்தை அட்டவணையில் வைக்காதீர்கள். ஒற்றைக் கொம்போடு சேர்ந்து வரும் எஸ்ஸுக்கு அடுத்துப் புள்ளியோ காலோ இகர விலங்கோ வந்தால் அது ளகரம், இல்லையென்றால் ஔகாரம் என்று தனி விதியாக எழுதுங்கள். ‘வெளஞ்ச நெல்லு’ என்று பேச்சு வழக்கில் அடித்திருந்தால் இந்த விதியும் தோற்கும், அதற்கு ஒரு சின்ன விதிவிலக்குப் பட்டியல் போதும். டிஸ்கியில் ஔகாரக் குறிக்குத் தனி இடம் இருப்பதால் இந்த விதி அங்கே தேவையில்லை, எந்த அட்டவணைக்கு இது வேண்டும் என்பதை அந்தந்தக் கோப்பே சொல்லட்டும்.

கடைசிப் படியாக என்எஃப்சி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதிய யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. ‘கொ’வை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. இது ஏழு கிளாஸிலும் ஏழு விதமாக இருந்தது. இப்போது வெளியே போகும் வாசலில் ஒரே இடத்தில்.

டிஸ்கி, டாப் கோப்புகளைத் திறக்கும்போது குறியாக்கம் விண்டோஸ் 1252 என்று கொடுக்காதீர்கள். அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது, பைத்தான் அங்கேயே நின்றுவிடும். லத்தீன்-1 என்று கொடுத்தால் 256 பைட்டும் பத்திரமாக வரும்.

திரும்பி வரும் திசைக்கு அட்டவணையை அப்படியே கவிழ்த்துப் போடலாம் என்று தோன்றும். ‘ரி’க்கு இரண்டு வழி இருக்கிறதே, எதை எழுதுவது? ஒன்றை ‘இதுதான் முதன்மை’ என்று குறித்துவிட்டு அப்புறம் கவிழ்க்கவும்.

பழைய கிளாஸ் பெயர்களை உடனே தூக்கிவிடாமல், புதிய ஃபங்ஷனைக் கூப்பிடும் இரண்டு வரி உறையாக விட்டுவையுங்கள். ‘இது நீங்கப்போகிறது’ என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங் போட்டால் மற்றவர் மாட்யூலுக்குள்ளிருந்து அழைக்கும்போது பைத்தான் அதை இயல்பாகக் காட்டாது, ஃபியூச்சர் வார்னிங் போட்டால்தான் கண்ணில் படும். நான் இன்னும் மூன்று பெயரை நீக்கவில்லை. அச்சகத்துக் கணினியில் ஓடும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று அவற்றைத்தான் கூப்பிடுகிறது, அதை எழுதிய ஆளும் நான்தான்.