மறதி நோய்க்கு மூளை ஸ்கேன்: எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும்

மறதி நோய் இருக்கிறதா என்பதை ஸ்கேன் மட்டுமே சொல்லிவிடாது. மறதி எப்போது தொடங்கியது, பணக் கணக்கிலும் பழகிய வழியிலும் தடுமாற்றம் உண்டா, நடை மாறியிருக்கிறதா, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பவற்றை உடனிருப்பவர் எழுதி எடுத்துச் சென்று நரம்பியல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். நினைவாற்றல் சோதனையும், வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனுக்கு ஈடாக முக்கியமானவை. ஸ்கேன் சீட்டில் 'மறதி' என்று மட்டும் இருந்தால், எந்த நோயைச் சந்தேகிக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். படம் பார்ப்பவர் எந்தப் பகுதியை உற்றுநோக்க வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

முதல் வேலை, குணப்படுத்தக்கூடிய காரணங்களைத் தேடுவது. கட்டி, மூளையில் நீர் தேங்குதல், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் முடியும் சி.டி. ஸ்கேனே பெரும்பாலும் காட்டிவிடும். சில வாரங்களுக்கு முன் தலையில் லேசாக அடிபட்டதை வீட்டில் யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருப்பார்கள். இப்படி ரத்தம் சேர அதுவே காரணமாக இருக்கலாம் என்பதால், அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

நுட்பமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், இரைச்சலும் அதிகம். சொன்னதை மறந்து எழ முயல்பவருக்கு, பழகிய ஒருவர் உடன் இருக்க அனுமதி கேட்கலாம். பேஸ்மேக்கரோ உடலுக்குள் உலோகமோ இருந்தால், தேதி வாங்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

அறிக்கையில், நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இருக்கலாம்; எண் கூடினால் சுருக்கமும் கூடுதல். வயதை விட்டுவிட்டு அதைப் படிக்கக் கூடாது: 75 வயதுக்குக் கீழ் 2 என்பது இயல்புக்கு மாறானதாகக் கருதப்படும், அதற்கு மேல் அது முதுமையின் இயல்பாகவும் இருக்கலாம். சுருக்கம், மறதி நோய்களில் பரவலாகக் காணப்படும் அல்சைமரை நோக்கிக் கை காட்டும். ஆனால் ஆரம்ப நிலையில் படம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், 'நார்மல்' என்ற சொல்லைக் கண்டதும் சிகிச்சையை நிறுத்திவிடுவது தவறு. சிறு ரத்தக் குழாய்களின் பாதிப்பால் மூளையின் வெள்ளைப் பகுதியில் வரும் மாற்றங்களை 0 முதல் 3 வரை அளக்கும் ஃபசேகாஸ் மதிப்பெண் 3 என்றிருந்தால், ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் மருத்துவர் கவனமாகப் பார்ப்பார்.

அல்சைமரில் மூளையில் படியும் புரதமான அமிலாய்டைக் காட்டும் அமிலாய்டு பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. மறதியே இல்லாத முதியவர்கள் பலரின் மூளையிலும் அமிலாய்டு படிந்திருக்கும். ஆகவே குழப்பம் தீராதபோதோ, அமிலாய்டைக் குறைக்கும் மருந்து தொடங்க எண்ணும்போதோதான் அதற்குச் செலவழிப்பது பயன் தரும்.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், படங்கள் முழுவதும் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனில் சுருக்கம் கூடியிருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.