குட்டி போட முன்: ஒப்பரேஷனுக்குத் தயங்கும் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது

நாய்க்குக் கருத்தடை ஒப்பரேஷன் (பெட்டைக்குக் கர்ப்பப்பையை எடுப்பது) வேண்டாம் என்பவர் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணமாக இருக்காது. "பாவம்" என்பார், மனதுக்குள் மயக்க மருந்தில் நாய் எழும்பாமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். "காசில்லை" என்பார், நாயை ஏற்றிக்கொண்டு போக ஓட்டோக்காரர் சம்மதிக்கமாட்டார் என்பதுதான் சிக்கலாக இருக்கும். அதனால் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போகும்போது எதையும் நிரூபிக்க முயலாதீர்கள். கேளுங்கள். "அன்ரி, இவளுக்கு முதல் ஹீட் வந்திட்டுதா? அந்த நேரம் எப்படிச் சமாளிச்சனீங்கள்?" என்று தொடங்கினால் அவரே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குவார். (ஹீட் என்பது பெட்டைக்கு இரத்தம் கசிந்து, கடுவனோடு சேரத் தயாராகும் காலம்.) "ஏன் இன்னும் செய்யேல்ல?" என்று தொடங்கினால் கதவு அப்போதே மூடிவிடும்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். கொழும்பில் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வரிசை வீடாக இருந்தாலும் வெள்ளவத்தை ஃப்ளாட்டாக இருந்தாலும், முடிவெடுப்பவர் ஒருவர், நாயைப் பார்ப்பவர் இன்னொருவர். வேண்டாம் என்று சொல்லும் ஐயா ஹீட் காலத்தில் நிலம் துடைப்பவராக இருப்பது அரிது. துடைப்பவரோடும் பேசுங்கள். பலமுறை உள்ளிருந்து வரும் அந்தக் குரல்தான் காரியத்தை முடிக்கும். விருந்தாளிகள் முன்னாலோ, போன ஈற்றுக் குட்டிகள் காணாமல் போனதைக் குத்திக் காட்டியோ பேச வேண்டாம். வெட்கப்பட்டவர் பிடிவாதம்தான் பிடிப்பார்.

அடிக்கடி வரும் மறுப்புகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் இருக்கிறது.

"ஒரு தரம் குட்டி போட்டால்தான் அதுக்கு நல்லம்." இது வைத்திய ரீதியில் ஆதாரமில்லாத நம்பிக்கை. உண்மை மறுபக்கம் இருக்கிறது. ஒப்பரேஷன் செய்யாத பெட்டைகளுக்கு வயது போகப் போக கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். வழக்கமாக ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் வரும். நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சிலவேளை பின்பக்கம் சீழ் வடியும், சிலவேளை எதுவும் வெளியே தெரியாது. சுவீடனின் நாய்க் காப்புறுதிப் பதிவுகளின்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு இது வந்திருக்கிறது. அப்போது செய்வதும் அதே ஒப்பரேஷன்தான், ஆனால் நோயாளி நாய்க்கு, அவசரமாக, கூடிய செலவில். பயப்படும் வீட்டுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. சுகமாக இருக்கும்போது செய்வதுதான் பாதுகாப்பு.

"கொழுத்துப் போகும், காவல் காக்காது." பசி கொஞ்சம் கூடும், உடலுக்குத் தேவையான சாப்பாடு குறையும். வழக்கமான சோற்றில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, நடக்க விட்டால் எடை கட்டுக்குள் நிற்கும். தன் வீட்டைக் காக்கும் குணம் கர்ப்பப்பையிலிருந்து வருவதில்லை. கேற்றில் குரைக்கிற நாய் குரைத்துக்கொண்டேதான் இருக்கும்.

"வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதுமாமே?" கருத்தடை ஊசியைச் சொல்கிறார்கள். மலிவு என்பதால் மனதை இழுக்கும். அந்த ஹோர்மோன் கர்ப்பப்பைச் சீழுக்கும் முலைக் கட்டிக்கும் வழி திறக்கிறது. ஏற்கனவே சினையாக இருப்பது தெரியாமல் போட்டுவிட்டால் பிரசவம் தள்ளிப்போய், குட்டிகள் உள்ளேயே சாகலாம். இதற்கு மட்டும் நயமாகப் பேசத் தேவையில்லை, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"பாவம், இயற்கைக்கு எதிராகச் செய்யக்கூடாது." சமயத்தை வைத்து வாதாட வேண்டாம். ஒரு கொப்பித் தாளை எடுத்து, "சரி அக்கா, ஆறு குட்டி பிறக்கும் என்று வைப்பம். எடுக்கப் போற ஆறு வீட்டின் பேரையும் எழுதுவம்" என்று சொல்லுங்கள். பெட்டைக் குட்டிகளிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் கடுவனைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பேரும் தொலைபேசி எண்ணும் சேர்த்து எழுத வேண்டும், "யாராவது எடுப்பினம்" என்பதை எழுதக்கூடாது. பெரும்பாலான தாள்கள் இரண்டாவது பேரோடு நின்றுவிடும். மிச்சக் குட்டிகள் எங்கே போகும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. சந்தை மூலையில், கோயில் வாசலில் மீன்பெட்டிக்குள் விடப்படும் குட்டிகளை அவரும் பார்த்திருப்பார். தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை. விடப்படும் பெட்டைக் குட்டி தப்பினால், ஒரு வருடத்துக்குள் அதே தெருவில் தானும் குட்டி போடலாம்.

பொமரேனியன், பக் வைத்திருப்பவர் குட்டி விற்றுக் காசு பார்க்க நினைத்தால் கணக்கைச் சேர்ந்து போடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்திலிருந்து பூச்சி மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. இடையில் பார்வோ என்னும் வைரஸ் நோய் வந்தால் ஈற்று முழுதும் போகலாம். பக் போன்ற தட்டை முக நாய்களுக்குச் சிசேரியன் தேவைப்படுவது சாதாரணம். சின்ன இனத் தாய்களுக்குப் பால் கொடுக்கும் வாரங்களில் கல்சியம் இறங்கி வலிப்பு வரலாம், அது நடு இரவில் வைத்தியரைத் தேடி ஓடும் வேலை.

வாய்ப் பேச்சு இதோடு போதும். சம்மதம் அதிகமும் உடைவது போக்குவரத்திலும் திகதியிலும்தான். "செய்யத்தான் வேணும், பார்ப்பம்" என்று அவர் சொன்ன அன்றைக்கே திகதி எடுங்கள். கொழும்பு மாநகர சபையின் கால்நடை வைத்தியப் பிரிவிலும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இலவச முகாம் எப்போது என்று கேளுங்கள். மாநகர சபையும் ப்ளூ போ டிரஸ்ட் என்ற விலங்கு நல அமைப்பும் 2007இல் தொடங்கிய வேலைத்திட்டத்தால் நகரத்தில் இந்த ஒப்பரேஷன் பலருக்குப் பழக்கமான விசயம், அதையும் சொல்லுங்கள். தனியார் கிளினிக் என்றால் விலையை மட்டும் கேட்காதீர்கள். இரத்தப் பரிசோதனை, வலி மருந்து, தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கோன், மறுபடி காட்டுவது எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். கொழும்பில் உண்ணிக் காய்ச்சல் பரவலாக இருக்கிறது. வெளியே சுகமாகத் தெரியும் நாய்க்கும் அதனால் இரத்தம் உறைய உதவும் தட்டுக்கள் குறைந்திருந்தால் ஒப்பரேஷனில் இரத்தம் நிற்காது. "அந்த வீட்டு நாய் செத்துப் போச்சாம்" என்ற கதைகள் சிலவற்றுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

திகதி ஹீட் காலத்தில் விழாமல் பாருங்கள், அப்போது இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழிந்த நேரம் நல்லது. குட்டி போட்ட தாய்க்கு, குட்டிகள் பால் மறந்து முலை வற்றும் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம். வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும். குட்டி நாய்க்கு எத்தனை மணித்தியாலம் என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். "பசியில் பார்த்துக்கொண்டு நின்றது, ஒரு பிஸ்கட்தான்" என்பது பல ஒப்பரேஷன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மயக்கத்தில் வாந்தி சுவாசப்பைக்குள் போனால் நிமோனியா வரும் என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். ஓட்டோவை நீங்களே பேசி வையுங்கள், பின்சீட்டில் விரிக்கப் பழைய பெட்ஷீட்டும் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரவு வெறும் சீமெந்துத் தரை வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பாடு வழக்கத்தில் பாதி. பத்து முதல் பதினான்கு நாள் குளிப்பாட்டு இல்லை, பாய்ச்சல் இல்லை, கோன் கழற்றுவது இல்லை. கோனைப் பார்த்து வீட்டார் இரக்கப்பட்டுக் கழற்ற, நாய் தையலைக் கடித்துப் பிரிப்பது அடிக்கடி நடக்கிற விபத்து. ஈறு வெளிறிப் போனால், வயிறு உப்பினால், காயத்திலிருந்து சொட்டினால், ஒரு நாளுக்கு மேல் எதையும் சாப்பிடாவிட்டால் உடனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் நாள் நீங்கள் எட்டிப் பார்ப்பது பெரிய உதவி.

திகதி வரும்வரை, அல்லது அவர் இன்னும் சம்மதிக்காவிட்டால், ஹீட்டைக் காவல் காக்கும் முறையையாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். ஆறு மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வெள்ளை டிஷுவால் பின்பக்கம் ஒற்றிப் பார்க்க வேண்டும். நக்கிச் சுத்தம் செய்யும் நாயில் இரத்தம் கண்ணில் படாது. முதல் சிவப்பு கண்ட நாளைக் கலண்டரில் குறித்து, நாலு வாரம் பூட்டு. இரத்தம் வெளிறினால் "முடிஞ்சுது" என்று கேற்றைத் திறப்பதுதான் பெரிய தவறு. பத்தாம் நாளுக்குப் பிறகு, நிறம் மங்கி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கும் நாட்களில்தான் சினைப்படும். முற்றத்தில் சங்கிலியில் கட்டுவது காவலாகாது, ஓட முடியாத பெட்டையிடம் கடுவன் வந்து சேரும். கம்பிக் கேற்றின் இடைவெளியாலேயே சேர்ந்த நாய்களும் உண்டு. உள்ளே, கதவு மூடிய அறையில் வைக்க வேண்டும். அதே வீட்டுக் கடுவன் அண்ணனோ தகப்பனோ ஆனாலும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். காஸ் கொண்டுவருபவர், வேலைக்கு வருபவர் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அதையும் மீறிச் சேர்ந்துவிட்டால், பிணைந்து நிற்கும்போது இழுத்துப் பிரிக்கவோ அடிக்கவோ கூடாது, இரண்டுக்கும் காயம் வரும். விந்து அதற்குள் போய்விட்டிருக்கும். பப்பாளி, மனிதருக்கான மாத்திரை என்று நாளைக் கடத்தாமல் அந்த வாரமே வைத்தியரிடம் போக வேண்டும். சினைக் காலம் ஏறத்தாழ 63 நாள்தான். சுமார் நாலு வாரத்தில் ஸ்கேனில் தெரியும். அந்த நிலையிலும் ஒப்பரேஷன் செய்ய முடியும், ஆனால் நாள் போகப் போக ஆபத்தும் வீட்டாரின் மனப்பாரமும் கூடும்.

கடுவன் வைத்திருப்பவர் "எங்களுக்கென்ன, குட்டி எங்கட வீட்டிலயா பிறக்குது?" என்பார். அவரிடம் குட்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஹீட் மணம் பிடித்து ஓடும் கடுவன் காலி வீதி போன்ற பெரிய வீதியில் வாகனத்தில் அடிபடுவது, சண்டையில் கடிபட்டு வருவது, தெருப் பெட்டைகளிடமிருந்து பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் தொற்றுக் கட்டியை வாங்கி, வாராவாரம் புற்றுநோய் ஊசி போட நேர்வது, இவற்றைச் சொல்லுங்கள். கடுவனுக்கு ஒப்பரேஷன் சின்னது, செலவும் குறைவு. செய்த பிறகும் ஆறு வாரம்வரை அதற்குச் சினைப்படுத்த முடியும் என்பதால் அந்த ஆறு வாரமும் கேற் பூட்டித்தான் இருக்க வேண்டும்.